அரணுக்குள்ளே ஒரு கொசுத்தேனீ

நிறைமதியின் மேசைத்திரையில் சிவப்புப் புள்ளி ஒன்று மினுங்கியது. ஐந்தாம் தெருவில், ஒரு மொட்டை மாடியில், பூச்சி ஒன்று உயிரோடு பறந்துகொண்டிருப்பதாக அதற்கு அர்த்தம்.

திரைதான் பழுதாகியிருக்கும் என்று அணைத்துப் போட்டுப் பார்த்தாள். புள்ளி அதே இடத்தில் மறுபடி மினுங்கியது. இப்போது பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது.

வேங்கைப்பதிக்குள் பூச்சியே கிடையாது. மலையடிவாரத்தில் இருந்த அந்தக் குடியிருப்பை வளைத்து நின்ற கம்பங்களுக்கு அரண் என்று பெயர். பறந்து வரும் எந்தப் பூச்சியின் சிறகோசையையும் அரண் கேட்டுவிடும். அதற்கு ஒவ்வாத வேறோர் ஓசையை, மனிதக் காதுக்கு எட்டாத சுருதியில் திருப்பி அனுப்பும். பூச்சி மிரண்டு வந்த வழியே போய்விடும். ஊர்ந்து வருபவற்றைத் தடுக்கக் கம்பங்களுக்கு நடுவே மண்ணில் மின்பட்டை. கொசுக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு புகுந்த ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, ஊருக்குள் இருந்ததையெல்லாம் மருந்தடித்துக் கொன்றுவிட்டு இதை எழுப்பினார்கள். அன்றிலிருந்து குழந்தைகள் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகின்றன. கொசுவலை என்றால் என்னவென்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

அந்த அரணைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் நிறைமதி. அவளுக்கு அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை மட்டுமல்ல. அந்த மழைக்காலத்தில் இறந்துபோனவர்களில் அவளுடைய தம்பி மகிழனும் ஒருவன். கல்லூரிக்குப் போக ஆரம்பித்து, தலைமுடியை எப்படி வெட்டிக்கொள்வது என்று இன்னும் முடிவு செய்யாத வயது. கம்பம் நட ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றவள் அவள்.

ஐந்தாம் தெருவுக்கு நடந்தே போனாள். காலை நேரம். இரண்டு பக்கமும் மாடிகளில் ஆட்கள் குனிந்தும் எக்கியும் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூரிகை. எல்லா வீட்டு மாடியிலும் காய்கறித் தோட்டம் இருந்தது. ஆனால் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டுபோகத் தேனீ இல்லை. அதனால் ஆண் பூவைத் தடவிப் பெண் பூவில் வைப்பதை மனிதர்களே செய்தார்கள். ஊரில் அதற்குப் ‘பூ தொடறது’ என்று பெயர். பூ தொடும் நேரம் முடிந்த பிறகுதான் பள்ளி மணி அடிக்கும். கல்யாண வீட்டில்கூட, “முகூர்த்தத்தக் கொஞ்சம் தள்ளி வெய்ங்க, பாகல் பூத்துக் கிடக்குது” என்பார்கள்.

புள்ளி காட்டிய வீடு, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் துளசிமணியுடையது. கதவைத் திறந்தவள் கழுத்தில் விசில் தொங்கியது. வலது கையை வயிற்றோடு சேர்த்து மடக்கி வைத்திருந்தாள்.

“வாங்க மேடம். வருவீங்கன்னு தெரியும். காப்பி போடட்டுங்களா, இல்ல மொதல்ல திட்டிட்டுக் குடிக்கிறீங்களா?”

“மாடியப் பாக்கோணும் டீச்சர்” என்றாள் நிறைமதி.

மாடியில், நிழலான மூலையில், ஒரு மண்கலயம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் அடியில் சிறு துளை. துளையில் மெழுகால் செய்த குட்டிக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வழியாக எள்ளை விடச் சற்றுப் பெரிய கறுப்புப் பூச்சிகள் போவதும் வருவதுமாக இருந்தன. நிறைமதி இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“கொட்டாதுங்க. இதுக்குக் கொடுக்கே கெடையாது. கொசுத்தேனீனு பேரு.”

“என்ன தேனீ?”

“கொசு...” என்று ஆரம்பித்துத் துளசிமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பேருதானுங்க அப்படி. கொசு மாதிரி சின்னதா இருக்கறதால வெச்ச பேரு. கொசுவுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல.”

“அரணத் தாண்டி எப்படி வந்துச்சு?”

“அது தாண்டலீங்க. நான் தாண்டுனேன். மலை ரோட்டுல எங்க சித்தப்பா வீட்டுச் செவுத்துல கூடு இருந்துச்சு. அத எடுத்து டிபன் கேரியர்ல வெச்சு மூடி, கார்ல மடியில வெச்சுக் கொண்டாந்தேன். உங்க கம்பம் கேட்டிருந்தா சாம்பார் சத்தம்னு நெனச்சிருக்கும்.”

நிறைமதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “ஏன் டீச்சர் இப்படிப் பண்ணுனீங்க? மருந்தடிக்கிறவங்க வந்தா இந்த மாடியில ஒரு செடி மிஞ்சாதே.”

துளசிமணி மடக்கிய கையைக் காட்டினாள். பிள்ளைகளுக்கு உயரம் தாண்டிக் காட்டப் போய்த் தோள் பிசகி விழுந்தவள். ஆறு மாதமாகக் கை தலைக்கு மேல் எழவில்லை. பந்தலில் பூத்த பூவை அவளால் தொட முடியாது. பிஞ்சு பிஞ்சாக வெம்பி உதிர்ந்தது.

“பக்கத்து வீட்ல கேட்டா வந்து தொட்டுத் தருவாங்கதான். தெனமும் எப்படிக் கேக்கறது? நாலாவது தெருவுல கை நடுங்கற ஆளுக எத்தன பேரு இருக்காங்க தெரியுங்களா? அவங்க மாடியெல்லாம் வெறும் கொடிதான். இது இந்தப் பூச்சி ஓசியில செஞ்சுட்டு இருந்த வேல. நாமதான் அதத் தொரத்திட்டு வெடியக்கால எந்திரிச்சு நின்னுட்டு இருக்கோம்.”

“கொசுவையும் சேத்துத்தான தொரத்துனோம்?”

மகிழனைத் துளசிமணிக்குத் தெரியும். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்து, முதலாவது வந்தவனை விட அதிகமாகக் கை காட்டிக்கொண்டு போனவன்.

“உங்களுக்குக் கஷ்டமா இருந்தா ரிப்போர்ட் பண்ணிருங்க மேடம்” என்றாள் மெதுவாக. “உங்க மேல எனக்குக் கோவம் வராது.”

நிறைமதி பந்தலைப் பார்த்தாள். வெள்ளரிக் கொடியில் ஒரு கணு விடாமல் பிஞ்சு பிடித்திருந்தது. வளைசல் இல்லை, சூம்பல் இல்லை. அவள் வீட்டு மாடியில் அவளே தூரிகையால் தொட்ட கொடியில் பாதிதான் தேறும். ஒரு கொசுத்தேனீ பூவுக்குள் இறங்கி, கால் முழுக்க மஞ்சள் பூசிக்கொண்டு, குடித்தவன் நடப்பது போலத் தள்ளாடி வெளியே வந்தது.

மாடிச் சுவரில் அரணின் ‘செவி’ பொருத்தியிருந்தது. சிறகோசையைக் கேட்டுத் திரைக்குச் சொல்லும் சிறு பெட்டி. நிறைமதி தன் துப்பட்டாவை எடுத்து அதன்மேல் இறுக்கிக் கட்டினாள்.

“கொஞ்ச நாள் பாக்கறேன். வேற எதாவது வந்துச்சு, அவ்வளவுதான்.”

“வேற என்னங்க வரப் போகுது?” என்றாள் துளசிமணி.

*

வேறு எல்லாமே வந்தது.

முதலில் அசுவினிப் பூச்சி. சித்தப்பா வீட்டிலிருந்து துளசிமணி கொண்டுவந்த தட்டைப்பயறு நாற்றில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தண்டு முழுக்கக் கறுப்பாக மொய்த்துச் சாற்றை உறிஞ்சியது. நிறைமதிக்குப் பதறியது. “நாட்டுல ஒரு ஆளு இருக்குது இதத் திங்கறதுக்கு” என்று அடுத்த ஞாயிறு துளசிமணி டிபன் கேரியரோடு கிளம்பினாள். திரும்பி வந்தபோது மேலடுக்கில் சிவப்புச் சட்டையில் கறுப்புப் புள்ளி போட்ட பொறிவண்டுகள் இருந்தன. தட்டைப்பயறைப் பிடுங்க வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். அசுவினி அதிலேயே இருந்துகொள்ளட்டும், வண்டுக்குச் சாப்பாடு, மிளகாய்ச் செடி தப்பித்துக்கொள்ளும்.

செடிகளுக்கடியில் சருகைப் பரப்பி மூடாக்குப் போட்டாள் துளசிமணி. முன்பெல்லாம் வேங்கைப்பதியில் காய்ந்த இலை காய்ந்தபடியே கிடக்கும், மக்காது. மண்புழுவும் வண்டும் இல்லாத மண்ணில் அது எப்படி மக்கும்? இப்போது ஒரு கை மண்புழு கேரியரின் இரண்டாவது அடுக்கில் வந்து சேர்ந்தது. சருகின் அடியில் கை வைத்தால் குளிர்ந்தது. தண்ணீர் ஊற்றும் வேலை பாதியானது. ஓரமெல்லாம் செண்டுமல்லி. அரசாணிப் பூசணிக் கொடி மாடியைத் தாண்டி ஏணியில் ஏறி, தண்ணீர்த் தொட்டியின் தலையில் உட்கார்ந்து காய்த்தது.

“இதெல்லாம் நீங்க எங்க டீச்சர் படிச்சீங்க?”

“படிச்சிருந்தா இத்தன செடி செத்திருக்குமுங்களா? ஒண்ணு செத்தா, ஏன் செத்துச்சுனு பாத்து அடுத்தத வெக்கறேன். வெளையாட்டு மாதிரிதான். தோத்தாத்தான் தெரியுது.”

இலைகளில் ஓட்டை விழுந்தது. ஒரு கத்தரியை ஏதோ புழு முக்கால்வாசி தின்றுவிட்டது. “அதுக்கும் பசிக்குமில்ல” என்று மீதியை வெட்டிக் குழம்பில் போட்டாள் துளசிமணி. அந்தக் குழம்பை நிறைமதி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். கண்காணிப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தவள், எதைக் கண்காணிக்கிறாள் என்பதை மறந்து, சாயங்காலம் ஆனால் ஐந்தாம் தெருப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள். ‘மேடம்’ போய் ‘மதி’ ஆகியிருந்தது.

பிறகு ஒருநாள் துளசிமணி ஒரு சிமெண்ட் தொட்டியை இழுத்துப்போட்டுத் தண்ணீர் நிரப்பினாள். நிறைமதியின் முகம் மாறியது.

“தேங்கற தண்ணி வேண்டாங்க டீச்சர். என்ன வேணாப் பண்ணுங்க. அது மட்டும் வேண்டாம்.”

“கேரியர்ல என்ன இருக்குதுனு பாத்துட்டுச் சொல்லு.”

கீழடுக்கில் ஓடைத் தண்ணீர். அதில் விரல்நீளம்கூட இல்லாத மீன்கள். ஒவ்வொன்றின் உச்சந்தலையிலும் வெள்ளிப் பொட்டு. “முண்டக்கண்ணி. கொசுப்புழுன்னா உசுர உட்டுரும். மீனு பூச்சி இல்லீங்களே, உங்க சட்டத்துல எடமிருக்குதில்ல?” அடியில், சேற்று நிறத்தில், ஆறு காலோடு அழுக்கு உருண்டை போல இன்னும் சில அசைந்தன. “அது தட்டானோட குஞ்சு. தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் கொசுப்புழுவத் திங்கும். சிறகு மொளச்ச பொறகு கொசுவப் புடிச்சுத் திங்கும்.”

“இங்கதான் கொசுவே இல்லையே, எதத் திங்கும்?”

“அதுதான் எனக்கும் கவல” என்று ஒத்துக்கொண்டாள் துளசிமணி. “பாக்கலாம்.”

தட்டான்கள் இறந்துபோகவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் குச்சியேறி, பழைய தோலைக் கழற்றிப்போட்டு, கண்ணாடிச் சிறகோடு மாடி முழுக்கப் பறந்தன. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. அந்தத் தட்டான்கள் என்ன தின்று கொழுக்கின்றன என்று அன்று இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

*

மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம். நிறைமதி பந்தலடியில் நின்று பீர்க்கம்பூ விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே சுரீரென்றது. கை தானாக அடித்தது. உள்ளங்கையில் ஒரு பொட்டு ரத்தம். நசுங்கிக் கிடந்த கொசுவின் காலில் வெள்ளை வரி.

விரித்த உள்ளங்கையை நீட்டியபடியே கூப்பிட்டாள்.

“டீச்சர்.”

துளசிமணி வந்து பார்த்தாள். அவள் முகமும் வெளிறிப்போனது.

“நான் கொண்டாரல மதி. சத்தியமா நான் கொண்டாரல.”

“நீங்க கொண்டாந்த தண்ணியில வந்திருக்கும். நாத்துல வந்திருக்கும். எதுல வந்தா என்ன? நான்தான செவிய மூடுனேன்? நான் மூடுனேன்!”

“தொட்டியப் பாரு. ஒரு புழு இருக்குதான்னு...”

“என்ற தம்பி போனதும் ஒரு தொட்டியாலதாங்க டீச்சர். ஹாஸ்டல்ல எவனோ மூடாம உட்ட ஒரு தொட்டி.” கடிபட்ட இடத்தை அழுத்தித் தேய்த்தாள். “எனக்கு வெள்ளரிக்கா வேண்டாம். தேனீ வேண்டாம். நாளைக்குக் காலைல ரிப்போர்ட் பண்ணப் போறேன். என்னையும் சேத்துத்தான்.”

துளசிமணி தடுக்கவில்லை. விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

வீட்டில் நிறைமதியின் அம்மா சாந்தநாயகி சமையலறையில் இருந்தாள். அந்த வீட்டில் எந்தப் பாத்திரமும் நிமிர்ந்து இருக்காது. குடம், டம்ளர், வாளி, பூஜைச் செம்பு வரை கவிழ்ந்தே இருக்கும். மகன் போன நாளிலிருந்து அப்படி. நிறைமதி வாசலிலேயே நின்று, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் கோத்துப் பார்த்தாள். எப்படிக் கோத்தாலும் கடைசியில் ஒரே வார்த்தைதான் வந்தது.

“அம்மா, ஊருக்குள்ள கொசு வந்திருச்சு.”

சாந்தநாயகி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “தெரியும் சாமி” என்றாள்.

“என்ன தெரியும்?”

“ரெண்டு மாசமா அடிச்சுட்டுத்தான் இருக்கறேன். நீ ஆபீசு போனதும் ஜன்னலச் சாத்திட்டு, பேட்டு ஒண்ணு வெச்சிருக்கறேன், அதுல அடிப்பேன். நீ வர்றதுக்குள்ள கூட்டிப் பெருக்கி வெச்சுருவேன்.”

“ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

அப்போதுதான் சாந்தநாயகி திரும்பிப் பார்த்தாள். “எப்படிச் சொல்றது? தம்பி போனப்பறம் நீ அந்தக் கம்பத்தப் புடிச்சுத்தான் எந்திரிச்சு நின்ன. அதுவும் வேல செய்யறதில்லைனு நான் எந்த வாயால சொல்வேன்? நீ ஒடஞ்சு போயிருவயேன்னு கம்முனு இருந்துட்டேன்.”

நிறைமதி சமையல் மேடைமேல் சாய்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது சிரிப்பு. வெட்கமும் ஆறுதலும் கலந்த, அடக்க முடியாத சிரிப்பு. சாந்தநாயகி பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை என்று தெரிந்த பிறகு அவளும் சிரித்தாள்.

இரண்டு மாதம். அப்படியென்றால் துளசிமணி தொட்டி வைப்பதற்கு முன்பே.

*

காலையில் நிறைமதி தன் வீட்டு மாடியிலிருந்து ஆரம்பித்தாள். வேங்கைப்பதியில் எல்லா வீட்டிலும் பூந்தொட்டிகளுக்கடியில் தண்ணீர்த் தட்டு உண்டு, செடி தானே உறிஞ்சிக்கொள்வதற்காக. தட்டை வெளியே இழுத்துப் பார்த்தாள். தண்ணீரில் புழுக்கள் வளைந்து வளைந்து நெளிந்தன. பக்கத்து வீட்டில் அனுமதி கேட்டு ஏறிப் பார்த்தாள். அங்கேயும். மூன்றாம் தெரு, நாலாம் தெரு, எங்கும் அதே. பார்த்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வியந்தார்கள், “அடடா, இது எப்பங்க வந்துச்சு?” என்று. அந்த வியப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கடைசியாக ஐந்தாம் தெரு. துளசிமணியின் தொட்டியிலும் தட்டுகளிலும் வெகுநேரம் தேடினாள். மீன் இருந்தது, தவளைக் குஞ்சு இருந்தது, எங்கிருந்தோ வந்த ஒரு தவளையே இருந்தது. கொசுப்புழு ஒன்றுகூட இல்லை.

“நேத்து உன்னக் கடிச்சது?” என்றாள் துளசிமணி.

“பக்கத்து மாடியிலிருந்து வந்தது. இங்க வந்து உங்க தட்டான்கிட்டச் சிக்காமத் தப்பிச்ச ஒண்ணு. அதுக தின்னு கொழுத்தது ஊரு முழுக்க வளந்த கொசுவத்தான்.” நிறைமதி கீழே உட்கார்ந்தாள். “மன்னிச்சுக்கங்க டீச்சர்.”

“அத உடு. அரணு என்னாச்சு? கெட்டுப் போச்சா?”

“அங்கதான் விசயமே. அரணு ஒழுங்காத்தான் ஓடுது. கொசுதான் மாறிப்போச்சு. இங்க வர்றதுக்கு முன்ன, செவிக பதிஞ்சு வெச்ச சத்தத்தப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு பூச்சியோட சிறகுக்கும் ஒரு சுருதி இருக்குதுங்க. அத வெச்சுத்தான் அரணு அடையாளம் கண்டு வெரட்டும். ஆயிரம் கொசு வந்தா அதுல ஒண்ணு ரெண்டு கொஞ்சம் வேற சுருதியில பறந்திருக்கும். அது மட்டும் உள்ள வந்து முட்டை போட்டிருக்கும். அதோட பிள்ளைகளும் அதே சுருதி. கொசுவுக்குப் பத்து நாளைக்கு ஒரு தலைமொற. இப்ப வர்றதெல்லாம் நம்ம கம்பத்துக்கு அடையாளம் தெரியாத சுருதியில பாடிட்டு வருது. நாம கம்பத்த மாத்துனா, அது மறுபடி மாறிக்கும்.”

“தட்டானு?”

“தட்டானுக்குத் தலைமொற மாற மாசக்கணக்குல ஆகும். தேனீயும் மாறல. அதுகள அரணு இன்னும் வெளியவே நிறுத்தி வெச்சிருக்கு.” நிறைமதி ஒரு கணம் நிறுத்தினாள். அவளுக்கே அதைச் சொல்லக் கூசியது. “கொசுவ உள்ள உட்டுட்டு, கொசுவத் திங்கறதையெல்லாம் வெளிய தடுத்து வெச்சிருக்கறோம் டீச்சர். நான் காவல் காத்துட்டு இருந்தது கொசுவத்தான்.”

துளசிமணியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

*

பள்ளி மைதானத்தில் ஊர்க் கூட்டம் நடந்தது. குடியிருப்புத் தலைவர் சென்னியப்பன் வெள்ளைச் சட்டையில் வந்து நடுநாற்காலியில் அமர்ந்தார். நிறைமதி எழுந்து, சுருதி மாறிய கதையை ஒளிக்காமல் சொன்னாள். துப்பட்டாவால் செவியை மூடியதையும் சொன்னாள்.

கூட்டம் கொதித்தது. “டீச்சரு பூச்சி கொண்டாந்ததாலதான் இத்தனையும்” என்று ஒரு குரல். “எங்க வீட்ல ஒரு கொசுகூட இல்லீங்க, அஞ்சாந் தெருவுல மட்டும்தான்” என்று இன்னொன்று. அரண் ஊருக்குப் பெருமை. கொசு இருக்கும் வீடு என்று பெயரெடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

துளசிமணி விசிலை ஊதினாள். அவளிடம் படித்தவர்கள்தான் கூட்டத்தில் பாதிப்பேர். பழக்கதோஷத்தில் எல்லாரும் நிமிர்ந்து நின்றார்கள்.

“அவங்கவங்க வீட்ல கொசுவப் பாத்தவங்க மட்டும் கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. பெண்கள் வரிசையில் சாந்தநாயகி மட்டும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கையை உயர்த்தினாள். அரண் பொறியாளரின் அம்மா! அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள் தூக்கினாள். பின்னால் ஒருவர், அதற்குப் பின்னால் நாலைந்து பேர். “அப்ப உங்க வீட்லயுமா?” “நான் எங்க வீட்ல மட்டும்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்!” என்று ஆளாளுக்கு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மைதானம் முழுக்கக் கைகள். மேடையில் சென்னியப்பன் கையும், காதைச் சொறிவது போலத் தொடங்கி, மெல்ல மேலே போனது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள்.

“சரி” என்றார் சென்னியப்பன் தொண்டையைச் செருமி. “மறுபடி ஊரு முழுக்க மருந்தடிச்சுரலாம்.”

“அடிச்சா எல்லாம் சாகுமுங்க” என்றாள் நிறைமதி. “கொசு மட்டும் அடுத்த வாரமே திரும்பி வரும், அதுக்குத்தான் வழி தெரியுமே. தட்டான் வராது. மொதல்ல எல்லா வீட்லயும் தொட்டிக்கு மீன் உடலாம். தட்டானுக்குத் தண்ணி வெக்கலாம். வீண் தண்ணியக் கவுத்துக் கொட்டலாம். அதுக வேரூணுன பொறகு, அரண நிறுத்திரலாம்.”

அரணை நிறுத்துவது என்ற சொல் கேட்டதும் கூட்டம் அடங்கிப்போனது. பழைய மழைக்காலம் எல்லார் முகத்திலும் வந்து போனது. அப்படி ஒரு முகத்தோடுதான் சாந்தநாயகியும் எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

“எனக்குப் பயமாத்தான் இருக்குது. அது போகாது. கம்பம் இருந்தப்பவும் பயம்தான், பேட்டோட உக்காந்திருந்தேன். சும்மா உக்காந்து பயந்துட்டு இருக்கறதுக்கு, மீன் வளத்துக்கிட்டே பயப்படறேன். எனக்குக் கொஞ்சம் மீன் குடுங்க டீச்சர்.”

அன்று சாயங்காலமே மலையடி ஓடைக்கு ஒரு ஊரே கிளம்பியது. வாளி, போசி, குக்கர், டிபன் கேரியர், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு. முண்டக்கண்ணியைப் பிடிக்கப் போய்ச் சென்னியப்பன் வெள்ளைச் சட்டையோடு ஓடையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பப் போனவரையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க நல்லபடியாகவே போனது என்று சொல்ல முடியாது. நாலாம் தெருவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. நிறைமதி இரண்டு வீட்டு வாசலிலும் தினம் போய் நின்றாள், தூக்கமில்லாமல். இருவரும் தேறி வந்தார்கள். அதன்பிறகு செவிகளுக்குக் கொசுவின் புதுச் சுருதியைப் பழக்கி, அவற்றை அவள் வேறு மாதிரி பயன்படுத்தினாள். எந்தத் தெருவில் கொசுச் சுருதி கூடுகிறது, எங்கே தட்டான் குறைகிறது என்று கேட்டு, அங்கே ஆள் அனுப்பினாள். கவிழ்க்காமல் விட்ட ஒரு டயரோ, மீன் இறந்துபோன ஒரு தொட்டியோ அங்கே இருக்கும். வாரத்துக்கு வாரம் கொசுச் சுருதி தேய்ந்தது. துளசிமணியின் கலயத்திலிருந்து பிரித்துத் தெருவுக்குத் தெரு வைத்த கொசுத்தேனீக்களால், பந்தல்களில் ஆளில்லாமலே பிஞ்சு பிடித்தது. தூரிகைகள் பிள்ளைகளின் படம் வரையும் பெட்டிக்குப் போயின. கை நடுங்கும் நாலாம் தெருக்காரர்கள் மாடியில் பாகல் காய்த்துத் தொங்கியது.

தை பிறந்து ஒரு மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, நிறைமதி கடைசிக் கம்பத்தையும் நிறுத்தினாள். சத்தம் எதுவும் வரவில்லை, வெளிச்சம் எதுவும் அணையவில்லை. துளசிமணி தெருவிலிருந்து, இப்போது முக்கால்வாசி உயரம் வரை எழும் வலது கையை ஆட்டிவிட்டுப் போனாள். ஏதாவது ஆகுமோ என்று நிறைமதி அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் முதல் போன் வந்தது.

“ஏனுங்க, எங்க தெருவுல கரண்டுக் கம்பி உரசுதுங்க. கிர்ருனு ஒரே சத்தம்.”

ஆள் அனுப்புவதாகச் சொல்லி வைத்தாள். அடுத்த போன். “அரண நிறுத்துனீங்கல்ல, எதையோ அரைகொறையா உட்டுட்டீங்க போல. ஊரு பூரா மெசின் ஓடற மாதிரி கேக்குது.” அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாத் தெருவிலிருந்தும். அவள் திரையில் ஒவ்வொரு கம்பமாகத் தேடிப் பார்த்தாள். எந்தக் கம்பமும் ஓடவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கடைசியாகச் சென்னியப்பன். “மதி, என்ற வீட்டு மோட்டாரு எரியப் போகுது. மெயினையே நிறுத்திட்டேன், அப்பயும் சத்தம் நிக்க மாட்டீங்குது!”

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிறைமதி ஜன்னலைத் திறந்தாள். மலைப்பக்கமிருந்து, மரத்துக்கு மரம், வேலிக்கு வேலி, சருகுக்குச் சருகு, விடாமல் இழுத்துக்கொண்டு அந்தச் சத்தம் ஊருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“தலைவரே” என்றாள். “அது மோட்டாரு இல்லீங்க. சில்வண்டு.”

அந்தப் பக்கம் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

“சில்வண்டா... எப்ப நிக்கும்?”

“காலைல நிக்குமுங்க. நாளைக்குப் பொழுதோட மறுபடி ஆரம்பிச்சுருமுங்க.”

“நிறுத்த முடியாதா?”

“முடியாதுங்க” என்றாள் நிறைமதி. இத்தனை வருட வேலையில் ஒரு புகாருக்கு இவ்வளவு சந்தோஷமாக அவள் பதில் சொன்னதில்லை.

“போன வெச்சுராத” என்றார் அவர். “மாடிக்குப் போறேன்.”

அவர் படியேறும் சத்தம் கேட்டது. நடுவில் நின்று மூச்சு வாங்கினார். கதவுத் தாழ்ப்பாள் இழுபட்டது. போனிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் ஒரே நேரத்தில் சில்வண்டு கேட்டுக்கொண்டிருந்தது. இருவரும் வெகுநேரம் இணைப்பைத் துண்டிக்கவில்லை.